தேயட்டும் விடுங்கள்!

உங்கள் வீட்டு ஷோகேஸை ஒருமுறை பாருங்கள். பூப்போட்ட பீங்கான் கப் செட் ஒன்று கட்டாயம் இருக்கும். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. 'விருந்தாளி வந்தா எடுக்கலாம்' என்று வைத்தது. விருந்தாளிகளும் வந்தார்கள். ஸ்டீல் டம்ளரில்தான் காபி குடித்துவிட்டுப் போனார்கள். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு பொருளைப் பயன்படுத்தாமலே காப்பாற்றுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த ஷோகேஸ் புத்தி வீட்டோடு நின்றால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளும் போய்விட்டதுதான் வருத்தம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறினால் காவலூர் வரும். அதையும் தாண்டிப் போனால் சாமைக் கொல்லைகள், புளிய மரங்கள், பலா மரங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ்.

சில வருடங்களுக்கு முன்பு அந்தப் பக்கம் போனபோது, ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல தலைமையாசிரியர். பிள்ளைகளிடம் அன்பாக இருந்தார். தூணோரம் மேஜை மேல் பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்ப்யூட்டர் ஒன்று. உறைக்கு மேலே ஒரு துண்டு வேறு.

"ஓடுதா சார்?" என்று கேட்டேன்.

"ஓடும் சார். வந்த அன்னிக்குப் போட்டுப் பாத்தோம்."

"அப்புறம்?"

அவர் சிரித்தார். "பசங்க கையில குடுத்து ஏதாவது ஆச்சுன்னா, இருப்புப் பதிவேட்டுல இருக்கிறது என் கையெழுத்துல்ல? ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. ரிப்பேருக்குக் கீழ இருந்து ஆள் வரணும். வந்தா யார் காசு குடுக்கிறது? இப்படியே இருந்தா யாருக்கும் தொந்தரவில்ல சார்."

வெளியே வந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்: "சார், அது டிவியா, கம்ப்யூட்டரா?"

அடுத்த ஜூனில் அவள் அந்தப் பள்ளியை விட்டு வேறு ஊருக்குப் போகிறவள். அதற்குள் அந்தத் துண்டை யாராவது எடுப்பார்களா?

தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் பத்து வருடம் பூட்டியே வைத்திருந்தாலும் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. ஒரு நாள் பிள்ளைகள் கையில் கொடுத்து, மௌஸ் உடைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் துண்டைத்தான் போர்த்துவீர்கள்.

சரி, நாம் எவ்வளவு வாங்கிக் கொடுத்திருக்கிறோம்? தமிழ்நாட்டைக் கஞ்சன் என்று யாரும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் கைக்குப் போயிருக்கிறது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தது. ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள். நாடு முழுக்கப் பார்த்தால், மத்திய கல்வித் துறையின் 2023-24 கணக்குப்படி, கம்ப்யூட்டர் இருக்கும் பள்ளிகள் 57.2 சதவிகிதம். இணையம் இருப்பவை 53.9 சதவிகிதம்.

கவனித்தீர்களா? எல்லாக் கணக்கும் 'இருக்கிறதா' என்றுதான் கேட்கிறது. 'நேற்று எத்தனை மணி நேரம் ஓடியது, யார் கை வைத்தார்கள்' என்பது பேப்பரில் தலைப்புச் செய்தியாக வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு. பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் மடிக்கணினிகளுக்கு மேல் வாரிக் கொடுத்தது. பாடம் நடத்தும் முறையோடு அதைச் சேர்க்கவில்லை. படிப்பு முன்னேறவே இல்லை என்று யுனெஸ்கோ 2023 அறிக்கையில் எழுதியிருக்கிறது.

கொரோனா காலத்தில் நம் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தது. விட்டுப்போன படிப்பைப் பிடிக்க அரசு கொண்டுவந்தது என்ன? 'இல்லம் தேடிக் கல்வி'. சாயங்காலம் தெருவுக்கு ஒரு அக்கா வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. கருவி போய்ச் சேராத இடத்துக்கு மனுஷிதான் போய்ச் சேர்ந்தாள்.

அப்படியானால் மலைக்குத் தொழில்நுட்பம் ஒத்துவராதா? அப்படிச் சொல்கிறவர்களைக் காவலூருக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதே ஜவ்வாது மலைதான். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள். வியாழனின் நிலாவான கானிமீடுக்கு வாயு மண்டலம் இருப்பதற்கான தடயத்தை அந்த வருடமே காட்டியது. 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுபிடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1986-ல் நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்தது. அந்தப் பழைய ஜெர்மன் தொலைநோக்கிக்கு 2022-ல் பொன்விழாவே கொண்டாடினார்கள்.

ஐம்பது வருடம் எப்படி ஓடியது? துண்டு போர்த்தி வைத்ததாலா? இல்லை. தொலைநோக்கிக் கண்ணாடியின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். தூசியிலும் ஈரத்திலும் அது மங்கும். மங்கத்தான் செய்யும் என்று தெரிந்தே, அதைக் கழுவி மறுபடி பூசுவதற்கான ஏற்பாட்டையும் மலையிலேயே வைத்திருக்கிறார்கள். பின்னால் பொருத்தும் கருவிகளைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். ரிப்பேர் பார்க்கும் ஆள் அங்கேயே இருக்கிறார். பொருள் தேயும் என்று ஒப்புக்கொண்டதால்தான் அது நிலைத்தது.

பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒப்புக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. சாக்பீஸ். ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிய வாத்தியாரிடம், 'வருடக் கடைசியில் முழுசாகத் திருப்பிக் கொடு' என்று யாராவது கேட்பார்களா? தேய்வதற்கென்றே கொடுக்கிறோம். அதனால்தான் இந்த மலையில் எந்த மூலைப் பள்ளியிலும் அது தினமும் வேலை செய்கிறது. 2007-ல் தமிழகம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, சுவரின் கீழ்ப் பகுதியில் கறுப்பு அடித்து, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுத இடம் கொடுத்தார்கள். அதுவும் தொழில்நுட்பம்தான். உடைந்துவிடும் என்ற பயம் இல்லாத தொழில்நுட்பம்.

கம்ப்யூட்டரையும் சாக்பீஸ் மாதிரி நினைத்தால் என்ன? ஐந்து வருடம் பிள்ளைகள் கை பட்டுக் கெட்டுப்போனால் அது செலவு இல்லை, வரவு என்று அதிகாரி எழுதட்டும். வாங்கும்போதே பழுதுக்கான பணத்தையும் சேர்த்து ஒதுக்கட்டும். மலைக்கு ஒரு மெக்கானிக் இருக்கட்டும். உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கே கற்றுக்கொடுத்தால் அவனுக்கும் பிழைப்பாயிற்று.

அரசாங்கத்துக்கு மட்டும் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் நம்மைப் போன்றவர்களும் உதவலாம். பிறந்தநாளுக்கு, அப்பா நினைவு நாளுக்கு என்று பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கொடுக்கும்போது ரிப்பேருக்கும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுங்கள். தலைமையாசிரியரிடம், 'உடைஞ்சா நாங்க பாத்துக்கறோம் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். போட்டோ எடுத்ததோடு நின்றுவிடாமல் அடுத்த வருடமும் போய்ப் பாருங்கள்.

கீபோர்டில் எழுத்துகள் அழிந்து, ஓரத்தில் மாங்காய்க் கறை ஒட்டியிருந்தால் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். 'நீங்க குடுத்தது அப்படியே புத்தம் புதுசா இருக்கு சார்' என்று பெருமையாகக் காட்டினால், கிளம்புவதற்கு முன் அந்தத் துண்டை நீங்களே எடுத்துவிட்டு வாருங்கள்.