பரண் மேல் கேட்கும் கேள்வி

சித்தூர் மாவட்டம் பலமநேர் பக்கம் காட்டோரத்தில் நெல்லோ கரும்போ போட்டவருக்கு அறுவடை நெருங்கினால் வீட்டில் தூக்கம் கிடையாது. டார்ச்சும் பட்டாசுமாகப் பரண் மேல்தான் இரவு. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு யானை வருமா?

தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. சுமார் 200 ஆண்டுகள் யானை இல்லாதிருந்த இந்தப் பகுதிக்கு 1980களில்தான் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டங்கள் வந்தன. 1990ல் கவுண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு, சுமார் 357 சதுர கிலோமீட்டர். நீலகிரிக் காடுகளில் 1990களில் ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தபோதோ, பெண் யானைக் கூட்டம் ஒன்றே 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் சுற்றுவது தெரிந்தது. கணக்கு இங்கேயே உதைக்கிறது. திருப்பதியை ஒட்டிய சேஷாசலக் காடுகள் வரை யானைகள் போனதில் வியப்பில்லை.

இன்றைய பட்டைகள் செயற்கைக்கோள் வழியாகக் குறித்த நேரத்துக்கு ஒரு புள்ளி அனுப்புகின்றன. புள்ளியியல்காரர்கள் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தையும் திரும்பிய கோணத்தையும் அளக்கிறார்கள். சின்னச் சின்ன நகர்வு, அடிக்கடி திருப்பம் என்றால் மேய்கிறது. நீளமாக, நேராகப் போனால் இடம் மாறுகிறது. இது ஊகம்தான், ஆனால் கணக்கோடு கூடிய ஊகம்.

இதில் வழுக்கியவர்கள் சாமானியர்கள் அல்ல. ஆல்பட்ராஸ் கடற்பறவை இரை தேடுகையில் இடையிடையே மிக நீண்ட பயணங்கள் போகிறது என்று 1996ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை பெரும் புகழ் பெற்றது. காலில் கட்டிய கருவி நனையாத நேரமெல்லாம் பறந்த நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2007ல் அதே இதழில் மறு ஆய்வு வந்தது. அந்த மிக நீண்ட 'பயணங்களின்'போது பறவை கூட்டில் உட்கார்ந்திருந்தது! முதல் கட்டுரையாளர்களில் சிலரும் இதில் பெயர் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை.

யானைக்கும் இதே சிக்கல். நெருங்கிக் கிடக்கும் புள்ளிகள் மூங்கில் தின்பதையா, நிழலில் நிற்பதையா, பட்டாசுச் சத்தத்தில் தயங்கி நிற்பதையா காட்டுகின்றன? பரணில் இருப்பவருக்குத் தெரியும். அவரைக் கேட்டுக் கணக்கைச் சரிபார்க்கலாம். இன்னொன்று, ஒரு பெண் யானைக்குப் பட்டை கட்டினால் அதன் கூட்டம் போகும் வழி தெரியும். பயிரில் அதிகம் புகும் தனி ஆண் யானை அதில் அகப்படாது.

கணக்கு தருவது வாய்ப்பைத்தான். இன்றிரவு யானை வர வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று செல்போனில் செய்தி வந்தால், அவர் பரணை விட்டு இறங்குவாரா?