சாயக் குஞ்சும் அப்பத்தா கணக்கும்



சித்திரை விடுமுறையில் எங்கள் உச்சிப்புளித் தெருவுக்குச் சாயக் கோழிக்குஞ்சு விற்பவர் வந்தார். பேத்தி அடம்பிடித்து பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஆறு வாங்கினாள். "அம்மாச்சி, இதுல எது முட்டை போடும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் போடாதுத்தா, எல்லாம் சேவலாத்தான் இருக்கும்" என்றேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில், பொரித்தவுடனேயே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். சில இனங்களில் இறக்கையை விரித்துப் பார்த்தாலே போதும். பெட்டைக்கு கீழ்வரிசை இறகு மேல்வரிசையைவிட நீளமாக இருக்கும். சேவலுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். இன்னொரு முறை, குஞ்சின் பின்துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளே குண்டூசித் தலையளவு மேடு இருக்கிறதா என்று பார்ப்பது. 1920களில் ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற இருவர் கண்டு எழுதிய முறை அது. பழகிய கைக்குச் சில விநாடி வேலை.

முட்டை இனத்துச் சேவல் கறிக்கும் சீக்கிரம் தேறாது. அதனால் பல நாடுகளில் அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்திருக்கிறது. நம் பக்கம் அதில் கொஞ்சம் சாயம் ஏறி மொபெட்டில் தெருவுக்கு வருகிறது.

என் சிறுவயதில் அம்மா ஓலைக் கொட்டானில் மணல் பரப்பி நாட்டுக்கோழியை அடை வைப்பார். கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று அப்பத்தா பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார். 21 நாளில் பொரித்தால் இரண்டும் கலந்துதான் வரும். கொண்டை சிவந்து அடையாளம் தெரிய ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை எல்லாக் குஞ்சுக்கும் ஒரே குருணைதான்.

பெட்டை அதிகமாக இருந்தால் அப்பத்தாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குள் மட்டும் கணக்கு வேறு. நாங்கள் நாலு பேரும் பெண்கள். "பொட்டையாப் பெத்துப் போட்டுட்டா" என்று அம்மாவை ஏசுவார். அம்மா பதில் பேசி நான் கேட்டதே இல்லை.

கோழியில் குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாயிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது. மனிதரில் அது தகப்பனைப் பொறுத்தது. இதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன்! என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அப்பத்தாவிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதா என்று இருந்துவிட்டேன். அம்மாவிடமாவது, "உன் மேல தப்பு இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994இலேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. ஆனாலும் "இதுவும் பொண்ணா?" என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறது. அப்படி யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால், பாடத்தில் படித்ததை அங்கேயே சொல்லுங்கள். என்னைப் போலத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறு குஞ்சில் மூன்று தேறின. சாயம் போய் வெள்ளை இறகு வந்துவிட்டது. நேற்று விடியற்காலை ஒன்று, தொண்டை கட்டியது போல, கூவிப் பழகியது. "நீங்க சொன்னது சரிதான் அம்மாச்சி. ஆனா அறுக்கக் கூடாது" என்று பேத்தி உத்தரவு போட்டிருக்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்