பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள்!

1982-ல் வந்த கமடோர் 64 கணினி இன்றும் பலரிடம் ஓடுகிறது. தகராறெல்லாம் அதன் 1541 ஃப்ளாப்பி டிரைவில்தான். ஃப்ளாப்பியின் ஒரு பக்கத்தில் சுமார் 170 கேபி; வேகமோ நொடிக்கு 400 பைட் அளவுதான்.

இப்போது எஸ்டி2ஐஇசி என்ற சின்னப் பலகையைச் செருகி, எஸ்டி கார்டைப் போட்டால் போதும். கணினி அதை டிரைவ் என்றே நம்பிவிடும். 1541-க்குள் தனி பிராசசர் உண்டு. அதை நம்பி எழுதிய சில விளையாட்டுகள் மட்டும் ஓடாது.

அப்புறம் பழைய டிரைவ் எதற்கு? ஃப்ளாப்பியில் காந்தப் பதிவு மங்கிக்கொண்டே வருகிறது. ஜூம்ஃப்ளாப்பி என்ற இணைப்பான் மூலம் அந்த டிரைவை யூஎஸ்பியில் இணைத்து, உள்ளதை டி64 கோப்பாக நகலெடுக்கலாம். பிரபலமான விளையாட்டுகளுக்கு ஊரெல்லாம் நகல் உண்டு. ஒருவர் பள்ளி நாளில் தானே எழுதிய பேசிக் நிரலுக்கு அந்த ஒரு ஃப்ளாப்பிதான்.