பரிசலில் ஓர் இடம்

நுழையும்முன்

நெடும்பயணத்திற்குக் கலமும் காற்றும் மட்டும் போதா. உடன் வருவோரும் தகுதியுடையவராதல் வேண்டும். நம்முடன் வரத்தக்கவர் யார் என ஆராய்கிறோம். பிறருடன் செல்ல நாம் தக்கவரா என ஆராய்கிறோமா? கடலைக் காணாத மலையடிவார ஊரில் ஒரு மாணவி எழுப்பிய வினா, ஓர் ஆசிரியரைத் தம் இளமைக்கால நிகழ்வொன்றை நோக்கித் திருப்புகிறது.

வகுப்பறையில் எழுந்த வினா

2025ஆம் ஆண்டு சூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். பென்னாகரத்தில் என் வகுப்பில் அன்று பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு செய்தியைக் கூறினேன். இந்தியக் கடற்படை அதிகாரிகளான தில்னாவும் ரூபா அழகிரிசாமியும் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்து, மே 29 அன்று கோவாவில் கரையேறியிருந்தனர். தில்னா கோழிக்கோட்டைச் சேர்ந்தவர். ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். படகில் இருந்தவர்கள் அவ்விருவர் மட்டுமே. பயணக் காலம் ஏறத்தாழ எட்டு மாதங்கள். கடந்த தொலைவு ஏறத்தாழ 25,400 கடல்மைல்.

ஊட்டமலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, கடலையே பார்க்காத ஊர்க்காரர்களை அப்படிப்பட்ட படகில் சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வினாவில் இருந்தது கடலைப் பற்றிய ஐயமன்று. தன்னை ஒருவர் தேர்ந்துகொள்வாரா என்னும் ஐயம். "நாளை சொல்கிறேன்" என்று கூறிப் பாடத்தைத் தொடங்கினேன். உடனே விடை கூற இயலாமைக்குக் காரணம் இருந்தது. படகொன்றில் சேர்த்துக்கொள்ள மறுக்கப்பட்டவன் நான்.

பாறையில் விடப்பட்டவன்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்வியியல் தேர்வை எழுதி முடித்திருந்தோம். நண்பர்கள் நால்வர் ஒகேனக்கல் சென்று பரிசலில் ஏறினோம். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அதன்மேல் தோலைப் போர்த்திச் செய்வது பழைய பரிசல். இன்று தோலுக்குப் பதிலாக நெகிழித் தாளைப் போர்த்துகின்றனர். பரிசலுக்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. அதற்குத் திசையைத் தருவது ஓட்டுபவரின் துடுப்பு. நிலையைத் தருவது அமர்ந்திருப்போரின் உடல்.

முதியவரான பரிசல் ஓட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, எடைக்கேற்ப எதிரெதிரே அமர வைத்தார். "எது நடந்தாலும் எழுந்திரிக்காதீங்க" என்பது மட்டுமே அவர் சொன்ன அறிவுரை.

சுழலொன்றின் ஓரத்தைக் கடக்கையில் பரிசல் சுற்றியது. நீர் முகத்தில் அறைந்தது. நான் எழுந்துவிட்டேன். ஒரு நொடிதான், பரிசல் ஒருபுறம் சாய்ந்து, நீர் உள்ளே புகுந்தது. எங்களுள் மிகக் குறைவாகப் பேசும் நண்பன் என் தோளைப் பற்றிக் கீழே இழுத்து அமர்த்தினான். அடுத்த கணமே காலடியில் கிடந்த தகரக் குவளையை எடுத்து நீரை இறைக்கத் தொடங்கினான். அவனிடம் எவரும் அதைச் சொல்லவில்லை.

சிறிது தொலைவில் பரிசலைத் தலைமேல் சுமந்து பாறையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. மறுபுறம் மீண்டும் ஏறும்போது முதியவர் என்னைத் தடுத்தார். "தம்பி, நீ இங்கேயே இரு. திரும்பும்போது ஏத்திக்கிறேன்" என்றார். எனக்கு நீந்தத் தெரியும் என்று வாதிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "நீச்சல் தெரிஞ்சா உனக்கு உதவும் தம்பி. உட்காரத் தெரிஞ்சாத்தான் மத்தவங்களுக்கு உதவும்" என்றார்.

பரிசல் போயிற்று. அருவியின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மணி நேரம் அந்தப் பாறையில் தனியே அமர்ந்திருந்தேன். முதலில் அவர்மேல் சினம் வந்தது. பிறகு நண்பர்கள்மேல் வந்தது. இறுதியில், வர வேண்டிய இடத்திற்கு வந்து சேர்ந்தது.

ஆள் தேடும் துறைமுகங்கள்

அன்று நான் கற்றதை உலகின் துறைமுகங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்காவின் மேற்கே கேனரித் தீவுகள் உள்ளன. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அங்குள்ள லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் கூடுகின்றன. அவை வணிகக் கலங்கள் அல்ல. விருப்பத்தின் பொருட்டுக் கடல் கடப்போரின் சிறுபடகுகள். கரீபியன் தீவான செயின்ட் லூசியா வரை ஏறத்தாழ 2,700 கடல்மைல். கீழைக்காற்று துணை நின்றால் இரண்டு அல்லது மூன்று வாரங்களில் கடந்துவிடலாம்.

ஆளில்லாத படகுத் தலைவர்களும், படகில்லாத பயண ஆர்வலர்களும் அத்தகைய துறைமுகங்களில் ஒருவரையொருவர் தேடுகின்றனர். பெரும்பாலும் கூலி இல்லை. உணவுச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. கடல் அனுபவம் உடையவருக்கு இடம் எளிதில் கிடைக்கும். ஆயினும் தலைவர் கேட்பவை பாய் கட்டுவதைப் பற்றியவை மட்டும் அல்ல. நள்ளிரவில் எழுப்பினால் முகம் சுளிக்காமல் காவலுக்கு எழுவாயா? ஆடும் படகில் சமைப்பாயா? உடல் நலிவுற்றால் மறைக்காமல் சொல்வாயா? கருத்து வேறுபட்டால் எப்படிப் பேசுவாய்? பன்னிரண்டு மீட்டர் நீளப் படகில் சினந்து வெளியேறிச் செல்வதற்கு வேறு இடம் இல்லை.

படகு ஏறுபவரும் தலைவரை ஆராய வேண்டும். உயிர்காப்பு மிதவைகள் உள்ளனவா, தொலைத்தொடர்புக் கருவி இயங்குகிறதா, செலவில் தம் பங்கு எவ்வளவு, தலைவருக்கு உடல்நலம் குன்றினால் படகைச் செலுத்துபவர் யார் என்பனவற்றைக் கரையிலேயே கேட்டறிதல் வேண்டும். இருதரப்பும் நிறைவுற்ற பின்னரும் அறிவுடையோர் உடனே பெருங்கடலில் இறங்குவதில்லை. ஓரிரு நாள் கரையோரமாகச் சேர்ந்து ஓட்டிப் பார்க்கின்றனர். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'நட்பாராய்தல்' என இரு அதிகாரங்கள் தனித்தனியே அமைந்திருப்பதன் தேவையை அங்கே உணரலாம்.

வல்வெட்டித்துறையின் மாலுமிகள்

இத்தகைய தேடலில் தமிழருக்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டு 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் கட்டப்பட்டது. அதன் நீளம் 89 அடி. சிறு பாய்மரப் படகில் முன்னரே உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். சூயசுக் கால்வாய், நடுநிலக்கடல், அட்லாண்டிக் ஆகியவற்றைக் கடந்து 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அது அமெரிக்காவின் குளோசுடர் துறைமுகத்தை அடைந்தது. அதில் பணியாற்றிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறையின் தமிழ் மாலுமிகள்.

கட்டிய ஊரின் கைகளே அந்தக் கப்பலை அட்லாண்டிக் கடலிலும் செலுத்தின என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எந்தக் கயிற்றை எப்போது தளர்த்த வேண்டும் என்பதை ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர் அவர்கள். வங்கக் கடலில் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளில், கலத்தின் தலைவரான தண்டையலின் கண்ணசைவைப் பார்த்துப் பழகிய தொழில் மரபு அவர்களுடையது. அருகிலுள்ள கடலில் நன்கு பழகியவரையே தொலைவிலுள்ள கடல் ஏற்றுக்கொள்கிறது.

சிறு பயணமும் பெரும் பயணமும்

தாரிணியின் கதையும் இதையே உணர்த்துகிறது. 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து அப்படகில் முதன்முதலாக உலகைச் சுற்றப் புறப்பட்டவர்கள் வர்த்திகா சோசியின் தலைமையிலான ஆறு பெண் அதிகாரிகள். அவர்கள் 2018 மே 21 அன்று திரும்பினர். அதற்கு முன் 'மாதேய்' என்னும் படகில் பயிற்சி பெற்று, 2016ஆம் ஆண்டு மொரீசியசு வரை சென்று வந்திருந்தனர்.

தில்னாவும் ரூபாவும் முதலில் அறுவர் குழுவில் உறுப்பினராய்க் கோவாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாகப் பிரேசிலின் ரியோ டி செனிரோவுக்குச் சென்று திரும்பினர். 2022 நவம்பரில் தொடங்கிய அப்பயணம் 2023 மே மாதத்தில் முடிந்தது. பின்னர் இருவர் மட்டும் அந்தமானின் போர்ட் பிளேருக்கும், மொரீசியசின் போர்ட் லூயிசுக்கும் சென்று வந்தனர். அதன் பிறகே 2024 அக்டோபர் 2 அன்று உலகைச் சுற்றப் புறப்பட்டனர்.

இருவர் மட்டும் செலுத்தும் படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். உறங்குபவர் தம் உயிரை விழித்திருப்பவரின் கண்களிடம் ஒப்படைத்துவிட்டே உறங்குகிறார். இந்த நம்பிக்கை ஒருநாளில் முளைப்பதன்று. ஆறு பேருடன் ஒரு பயணம், இருவராய்ச் சில பயணங்கள் எனப் படிப்படியாக வளர்ந்தது அது.

கரையில் நிற்போர்

2009 ஆகத்து முதல் 2010 மே வரை திலீப் தோண்டே தனியொருவராய்ப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார். அவ்வாறு சுற்றிய முதல் இந்தியர் அவரே. அப்பயணத்தில் அவருக்கு உதவிய கரைக் குழுவில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். அடுத்தவர் படகின் பழுதுகளைச் சீராக்கும் பணியைச் செய்த அவர் அபிலாசு டோமி. 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி 2013 மார்ச் 31 அன்று திரும்பியவரும் அவரே. பிற்காலத்தில் தில்னாவுக்கும் ரூபாவுக்கும் அவர் வழிகாட்டியாக அமைந்தார்.

2018ஆம் ஆண்டு தனியர் படகுப் போட்டியொன்றில் பங்கேற்றபோது, இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலில் டோமியின் பாய்மரம் முறிந்தது, முதுகு பெருங்காயமுற்றது. அதே போட்டியில் இருந்த அயர்லாந்து நாட்டவர் கிரெகர் மக்கக்கின், தம் படகின் பாய்மரமும் முறிந்திருந்த நிலையில், தற்காலிகப் பாயைக் கட்டி டோமி இருந்த திசை நோக்கிச் செலுத்தினார். பிரெஞ்சுக் கண்காணிப்புக் கப்பல் முதலில் சென்று டோமியை மீட்டது. ஆயினும் போட்டியாளர் துணைவராக மாறிய அந்தத் திருப்பம் என் நெஞ்சில் நிற்கிறது. தனிப்பயணத்திலும் துணை தேவைப்படுகிறது. அத்துணை எங்கிருந்தும் வரலாம்.

பாறையில் நான் அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை இன்று இழிவாகக் கருதுவதில்லை. மறு ஆண்டு மீண்டும் ஒகேனக்கல் சென்று அதே முதியவரைத் தேடிக் கண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அமர வேண்டிய இடத்தைச் சுட்டினார், அமர்ந்தேன். சுழல் வந்தது; அசையாமல் இருந்தேன். சற்று நேரத்தில் தகரக் குவளையை என் பக்கம் தள்ளினார். நான் பெற்ற சான்றிதழ்கள் பல. அவற்றுள் அந்தக் குவளையும் ஒன்று.

மறுநாள்

மறுநாள் இவற்றையெல்லாம் வகுப்பில் கூறினேன். பிறகு அம்மாணவியிடம், "உன் அப்பா பரிசலில் யாரை எங்கே உட்கார வைப்பார்?" என்று கேட்டேன்.

அவள் தயங்கவில்லை. "எடை மிகுந்தவர்களை எதிரெதிரே உட்கார வைப்பார், ஐயா. குழந்தைகளை நடுவில் வைப்பார். பயப்படுகிறவரைத் தம் காலடியிலேயே உட்கார வைப்பார்" என்றாள். சற்று நிறுத்தி, "பாறையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்" என்றாள்.

வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை நானும் சிரித்தேன். "தண்ணீர் மிகுதியாக வந்தால்?" என்றேன்.

அவள் எண்ணிப் பார்த்தாள். "அப்போது விட்டுவிடுவார், ஐயா. மற்றவர்களும் இருக்கிறார்களே."

அவளது முதல்நாள் வினாவுக்கான விடை அதுவே. யாரை ஏற்றுவது, யாரை எங்கே அமர்த்துவது, எப்போது மறுப்பது என்பவற்றை ஒரு பரிசலிலிருந்தே அவள் கற்றிருக்கிறாள். கடலை அவள் இனிமேல்தான் காண வேண்டும். கடலுக்குச் செல்வோர் கற்க வேண்டிய முதற்பாடத்தை அவள் முன்னரே கற்றுவிட்டாள்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் ஒரு குழுவில் சேர்த்துக்கொள்ளப்பட்ட அல்லது சேர்த்துக்கொள்ளப்படாத நிகழ்வையும், அதிலிருந்து கற்றதையும் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. முப்பது நாள் படகுப் பயணத்திற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் கேட்கும் ஐந்து வினாக்களை எழுதுக. அவற்றுக்கு நீங்களே விடையளித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊர்ப்பகுதியில் பரிசல், தோணி, படகு செலுத்துவோரைச் சந்தித்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.