ஈறு ஆராய்ச்சியில் 9 மாதம்



மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியில் நான் சேர்ந்த விஷயம் எப்படியோ கசிந்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?" என்று போன் மேல் போன். ராஜபாளையத்து மைத்துனர் ஒருபடி மேலே போய், "எலி கிடைக்கலைன்னு உங்களப் பிடிச்சிட்டாங்களா அத்தான்?" என்றார். போன வாரத்தோடு 9 மாதம் முடிந்தது. எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முதலில் நோய். நம்மூர்ப் பால்கோவா மேல் பழி போடாதீர்கள். சொத்தைக்குத்தான் இனிப்பு காரணம். ஈறு நோய்க்குக் காரணம் பல் இடுக்கில் படியும் கிருமிப் படலம். புகையிலையும் சர்க்கரை வியாதியும் அதை முற்ற வைக்கும். ஈறு பல்லை விட்டு விலகிப் பை போலாகும். உள்ளே தாடை எலும்பு கரையும். பெரிதாக வலிக்காது, பலருக்குப் பல் ஆடும்போதுதான் தெரியும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். என் கடைவாய்ப் பல் ஒன்றில் 7 இருந்தது.

வழக்கமான சிகிச்சை, ஈறைத் திறந்து வேர் வரை சுத்தம் செய்து தைப்பது. ஆனால் கரைந்த எலும்பு அதனால் முழுதாகத் திரும்பி வருவது அரிது. அதற்குச் சோதித்துப் பார்க்கும் வழிகளில் ஒன்று, நம் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காமல் உடனே இயந்திரத்தில் சுழற்றி, நடுவில் திரளும் ஃபைப்ரின் கட்டியைப் பள்ளத்தில் வைப்பது. பிரான்சின் ஜோசப் சுக்ரூன் 2001-ல் வெளியிட்ட முறை. பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஏ.ஆர்.பிரதீப் குழுவினர் 32 பேரிடம் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 9 மாதம் கழித்து, கட்டி வைத்தவர்களுக்கு எலும்புப் பள்ளம் சுமார் 47 சதவீதம் நிரம்பியிருந்தது. சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு சுமார் 29. முப்பத்திரண்டு பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. அதனால்தான் வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

யாருக்கு எது என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை. ஒட்டிய உறையைப் பிரித்தார்கள். எனக்கு வந்தது "சுத்தம் மட்டும்". வீட்டில், "ஏமாத்திட்டாங்களே!" என்றார்கள். வகுப்பில் அவரைச் செடி ஒன்றை வெயிலிலும் ஒன்றை இருட்டிலும் வைத்தோமே, நினைவிருக்கிறதா? இருட்டுச் செடி இல்லாவிட்டால் வெயில் என்ன செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தச் செடி வாடியது. எனக்கு அப்படியில்லை, முறையான சிகிச்சை கிடைத்தது. ஏழு இப்போது நான்கு. பல் ஆட்டம் நின்றிருக்கிறது. மைத்துனருக்கும் பிறகு ஆசை வந்தது. சர்க்கரை இருப்பதால் சேர்க்கவில்லை.

இனிதான் முக்கியமான விஷயம். நம் பள்ளியில் படித்து இப்போது வேன் ஓட்டும் தம்பி ஒருவன் வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறான். ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "கடைசிப் பக்கத்துல கையெழுத்து போடுங்க, போதும்" என்றார்களாம். வெளியே வந்து எனக்குப் போன் செய்தான். "தமிழ்ப் படிவம் கேள், வீட்டுக்கு எடுத்துப் போய் வாசிக்கணும்னு சொல்" என்றேன். அடுத்த முறை கொடுத்தார்கள். வாசித்தான். ஏழெட்டு முறை வரவேண்டும், அத்தனை நாள் ஓட்டம் போகும் என்று கணக்குப் போட்டு மறுத்துவிட்டான். வழக்கமான சிகிச்சை நிற்கவில்லை. சேர்ந்த நானும் சரி, மறுத்த அவனும் சரி.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. 2009-10-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. அதை விசாரித்த நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் அறிக்கை கொடுத்தது. ஆந்திராவில் 2,000-க்கும் மேற்பட்ட படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த பெற்றோர்களை நினைத்துப் பார்க்கிறேன். வாத்தியார் சொன்னார், டாக்டர் சொன்னார் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நான் சொன்னாலும்தான்.

கேட்க வேண்டியவை இவை:

1. ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்னும் தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? 2007-ல் தொடங்கியது, இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு எண் கேளுங்கள்.
2. நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா? குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா?
3. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு?
4. நடுவில் விலகலாமா? விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.
5. ஆய்வுக்கென்று உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்காவது இப்படிப் படிவம் வந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூட உட்கார்ந்து வாசிக்க எனக்கு நேரம் இருக்கிறது. முடிவு மட்டும் உங்களுடையது.