கருவியின் ஆயுளும் மென்பொருளின் ஆயுளும்

பழைய பத்திரிகை நறுக்குகளைப் பாதுகாப்பதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது, ஸ்கானருடன் இறுவட்டில் வந்த மென்பொருளே. கோணலாக வைத்த தாளை நேராக்கும். பல பக்கங்களை ஒரே பீடிஎப் கோப்பாக்கும். கூடவே கேளாத விளம்பரங்களும், பதிவுசெய்யுமாறு நச்சரிப்பும் வரும். அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று.

32 பிட் விண்டோசுக்கென எழுதப்பட்ட இயக்கி மென்பொருளை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. புதியதை எழுதித்தர உற்பத்தியாளர் முன்வராவிடில், பழுதில்லாத கருவியும் வெறும் பெட்டிதான். 1998இல் வந்த வியூஸ்கேன், லினக்ஸில் இயங்கும் சேன் போன்றவை இத்தகைய பல ஸ்கானர்களுக்கு மறுவாழ்வு அளித்துள்ளன.

எனவே நண்பர்களே, கருவி வாங்கும்போது உத்தரவாதக் காலத்தை மட்டும் கேளாதீர்கள். மென்பொருளின் ஆயுளையும் விசாரியுங்கள். உக்கும் கடதாசி நமக்காகக் காத்திருப்பதில்லை.