அந்தாதியும் நாட்குறிப்பும்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்குறிப்பு எழுதி வருகிறோம். அண்மையில் பழைய ஏடுகளைப் புரட்டியபோது 2004 டிசம்பர் கண்ணில் பட்டது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரைக் குப்பங்களைச் சூறையாடிற்று. மறுநாள் பக்கத்தில் ஒரே வரி: "இனி கோயிலுக்குப் போவதில்லை."

அதைப் பல்லாண்டு காத்தோம். மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து பழங்கள் இறைபடும் வேளையிலும் கதவைச் சாத்திக்கொண்டு விடைத்தாள் திருத்தினோம்.

வகுப்பறையில் மட்டும் அம்மையாரைத் தவிர்க்க இயலவில்லை. பாடம் நடத்துகையில் ஒன்று உறைத்தது. மாங்கனியையும் கணவன் பிரிந்ததையும் விரித்துரைத்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களில் அக்கதை இல்லை. துயரை இறைவன் நீக்காவிடினும் அன்பு குன்றாது என்னும் உறுதியே உண்டு.

நம் ஏடுகளோ நேர் எதிர். தந்தையாரின் மறைவு, பணிமாற்றம், மகளின் பிறப்பு யாவும் தேதியோடு உள்ளன. உள்ளம் அவற்றை எவ்வாறு தாங்கிற்று என்பது எங்குமில்லை.

அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். அம்மையாரின் கடைசிப் பாட்டும் முதற்பாட்டின் முதற்சொல்லிலேயே முடிகிறது.

சென்ற ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய திருவிழாவில் மகளுடன் தெருவில் நின்றோம். ஒரு பழம் நம் கைக்கு வந்தது. நம்பிக்கை திரும்பிவிட்டதென்று சொல்லத் துணிவில்லை. பழைய வரியை அடிக்கவும் மனமில்லை. அன்றிரவு அதன் ஈற்றுச் சொல்லிலேயே புதிய பக்கத்தைத் தொடங்கினோம்: "போவதில்லை என்றெழுதிய கை இன்று பழம் ஏந்திற்று."